அக்கா நூறைப் பங்கு போட்ட கதை

என் அக்கா "நான் செய்தேன்" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சமையல் நன்றாக இருக்கிறது என்றால் உப்பு கொஞ்சம் தூக்கல் என்பாள். டிரெஸ் அழகாக இருக்கிறது என்றால் பழசுதான் என்பாள். லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தாள். அவள் லீவு போட்டால் எந்தச் சரக்கு எங்கே போகிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "எல்லாரும் சேர்ந்துதான் பண்றோம்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. சேர்ந்தாள். கடைசி வருஷத்தில் ஒரு பருவம் வெளிநாட்டுக் கல்லூரியில் போய்ப் படிக்கலாம், அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார் என்று ஓர் ஏற்பாடு. "அப்போ உனக்குப் பதிலா வர்ற பொண்ணு நம்ம வீட்லயா தங்கும்?" என்று அம்மா கவலைப்பட்டாள். போகிறவளுக்கு ஒரே நிபந்தனை, அங்கே எடுக்கும் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். ஒன்று போனாலும் பருவமே கணக்கில் வராது. பட்டம் தள்ளிப் போகும், உறுதியாகியிருந்த வேலையும் கைநழுவிவிடும்.

போனதிலிருந்து போனில் ஒரே புலம்பல்.

"புரொபசரம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடணுமாம்டி. எனக்கு வாயே வரல. அவங்களா திரும்பிப் பார்க்கிற வரைக்கும் பக்கத்துல போய் நின்னுட்டிருக்கேன்."

எதிரே வருகிறவர்கள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தாண்டிப் போய்விடுவார்களாம். இவள் நின்று திரும்பி, போகிற முதுகைப் பார்த்து "நல்லாருக்கேன்" என்று சொல்வாளாம். அங்கே நடப்பதையெல்லாம் அக்கா நம் பேச்சில் நடித்துக் காட்டுவாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவளுக்கு அங்கே கிடைத்த ஒரே துணை, எதிர் அறைப் பையன் ஒருத்தன். எந்நேரமும் விசிலடிப்பான், அதனால் அக்கா வைத்த பேர் விசில். முதல் நாள் அவள் பெட்டியை மாடிக்குத் தூக்கிக் கொடுத்தவன், துணி துவைக்கும் மெஷினில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டியவன், சாப்பாட்டுக் கூடத்தில் "இங்க வா" என்று கையைக் காட்டியவன் எல்லாம் அவன்தான். ஒரு பாடத்தில் இருவரும் ஒரே குழுவில் விழுந்தார்கள். கூட இன்னும் இரண்டு பேர், ஒரு நெட்டைப் பெண், ஒரு தாடிக்காரன்.

மெத்தை விற்கும் கம்பெனி ஒன்றுக்கு ஏன் இத்தனை மெத்தைகள் திரும்பி வருகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் குழுவுக்கு வந்த வேலை. மற்றவர்கள் விளம்பரம், நிறம் என்று பேசிக்கொண்டிருக்க, அக்கா வாடிக்கையாளர் புகார்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். திரும்பி வந்ததில் முக்கால்வாசி மாடி வீடுகளிலிருந்து. டெலிவரி ஆட்கள் மெத்தையைக் கீழ்வாசலிலேயே சாய்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். லாரி ஆபீஸில் இருந்தவளுக்கு இது தெரியாதா? அறிக்கையை எழுதியதும் அவளே. நெட்டையும் தாடியும் வகுப்பின் முன்னால் படம் போட்டு விளக்கினார்கள். விசில் பாதிக் கூட்டங்களுக்கு வரவே இல்லை.

கடைசியில் ஒரு சடங்கு. குழுவில் ஒவ்வொருவரும் நூறு புள்ளியை, தன்னையும் சேர்த்து, உழைப்புக்குத் தகுந்தபடி பங்கு போட வேண்டும். பங்கு ரொம்பக் குறைந்தவர் அந்தப் பாடத்தில் தேற மாட்டார். நம் ஆள் என்ன செய்தாள்? மற்ற மூவருக்கும் முப்பது முப்பதாக அள்ளிக் கொடுத்துவிட்டு, தனக்குப் பத்து வைத்துக்கொண்டாள்.

"லூசாக்கா நீ?"

"நமக்கு நாமே எப்படிடி போட்டுக்கிறது? அவங்க போடுவாங்கல்ல."

அவள் போட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்த நெட்டையும் தாடியும் அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று அக்காவுக்கு மண்டை காய்ந்தது. பிறகு புரொபசரம்மா நால்வரையும் கூப்பிட்டு, எல்லாருடைய பங்கையும் திரையில் போட்டுவிட்டார். அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இவங்க ரெண்டு பேரும் நீதான் அதிகம் செஞ்சேன்னு போட்டிருக்காங்க. நீ ஒண்ணுமே செய்யலன்னு போட்டிருக்கே. யார் சொல்றது பொய்? தெரியாம நான் யாருக்கும் மார்க் போட முடியாது."

அக்கா தரையைப் பார்த்தாள். நெட்டைதான் வெடித்தாள். "நீ எங்களைக் கிண்டல் பண்றேன்னு நினைச்சோம். எல்லாத்தையும் நீயே செஞ்சிட்டு, எங்களுக்கு முப்பதுன்னு போட்டா குத்திக் காட்டற மாதிரி இல்லையா?"

"ஐயோ, மரியாதைக்குப் போட்டேன்" என்றாள் அக்கா. அங்கே ஒருவருக்கும் அது விளங்கவில்லை.

நால்வரும் திரும்ப உண்மையாகப் போட வேண்டும் என்றார் புரொபசரம்மா. அப்போதுதான் அக்கா திரையைச் சரியாகப் பார்த்தாள். விசிலுக்கு மற்ற இருவரும் போட்டிருந்தது ரொம்பக் கொஞ்சம். அவள் கொடுத்த முப்பதுதான் அவனைத் தூக்கி நிறுத்தியிருந்தது. அதை எடுத்தால் அவன் போச்சு. எடுக்காவிட்டால் அவள் பொய்க்காரி, அவளுக்கும் மார்க் வராது. அவனும் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து வெளியே வந்து எனக்குப் போன் செய்தாள். "என்னடி பண்ணட்டும்?" நான் கோபக்காரி. "வேலை செய்யாதவனுக்கு எதுக்கு அள்ளிக் கொடுக்கறே? உன் வருஷம் போனா அவனா திருப்பித் தருவான்?" என்று கத்தினேன். இப்போதும் நான் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

உள்ளதை உள்ளபடி போட்டாள். தனக்கு நாற்பத்தைந்து, விசிலுக்கு ஐந்து. அக்கா தேறினாள். விசில் அடுத்த பருவம் அதே பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஆனது.

அன்று சாயங்காலம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து நாலு கேள்வி கேட்பான், நன்றி கெட்டவள் என்பான் என்று பயம். கதவு தட்டப்பட்டது. அவன்தான்.

"சாப்பிட வரலையா?"

"என் மேல கோபம் இல்லையா?"

"எதுக்கு? நீ போட்டது சரிதானே. நான் வரலையே."

சொல்லிவிட்டு விசிலடித்தபடி முன்னால் நடந்தானாம்.

"அப்புறம் என்னக்கா? சுபம்தானே?" என்றேன்.

"ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா தேவலைடி. திட்டுவான், அழலாம், மன்னிப்புக் கேக்கலாம்னு இருந்தேன். மன்னிப்புக் கேக்கவே இடம் கொடுக்கலையே அவன்."

"நீ செஞ்சது தப்புங்கறியா?"

"இல்லடி. சரிதான்."

"பின்னே எதுக்கு அழறே?"

"தெரியலையே" என்றாள். பாஸானதற்கு இப்படி அழுதவளை நான் பார்த்ததில்லை.