டிவியை நான் காப்பாற்றிய ஞாயிற்றுக்கிழமை

என் வாழ்க்கையில் கிடைத்த வெற்றிகளிலேயே முழுமையானது, எங்கள் வீட்டுப் பழைய டிவியை விற்கவிடாமல் தடுத்ததுதான். படித்துப் பட்டம் வாங்கியது, உத்தியோகத்தில் உயர்ந்தது எல்லாம் அதற்கு அப்புறம்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எதிரே அப்பா, அம்மா, அவிநாசிபாளையத்திலிருந்து வந்த ஒரு டீக்கடைக்காரர். மூவரையும் ஒரே சாயங்காலத்தில் ஜெயித்தேன். தலை நரைத்து, உத்தியோகமும் முடிந்து உட்கார்ந்திருக்கும் இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குள் அந்தப் பையன் நெஞ்சை நிமிர்த்துகிறான். அவனை அடக்கிக்கொண்டுதான் மீதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த டிவி எங்களிடம் வந்தபோதே பழையது. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்த முதலாளி வீட்டில் கலர் டிவி வாங்கியதும், அவர்களுடைய கறுப்பு வெள்ளை டிவி எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தது. மரப்பெட்டி, நான்கு கால், இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவு. போட்டவுடன் படம் வராது. முதலில் பேச்சு வரும். பிறகு யோசித்து யோசித்து முகம் வரும். கண்ணாடியில் எந்நேரமும் பனியன் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வேஸ்ட் துணியால் துடைக்கும் உரிமை எனக்கு மட்டுமே உண்டு.

நாங்கள் குடியிருந்தது லைன் வீட்டில். எதிரெதிராக வீடுகள், நடுவில் ஒரு வாசல், எல்லாருக்கும் ஒரு குழாய். குடியிருந்த அத்தனை பேரும் பனியன் வேலைக்காரர்கள். பாதிப் பேர் எங்களைப் போல் சுற்றுவட்டாரத்து ஆட்கள், பாதிப் பேர் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். டிவி எங்கள் வீட்டில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடும்போது லைன் முழுவதும் எங்கள் முன்னறையில் இருக்கும். விளக்கை அணைத்துவிடுவோம். யார் எங்கே உட்காருவது என்பதை நான்தான் தீர்மானிப்பேன். என்னோடு சண்டை போட்ட பையன் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பான். பள்ளியில் யாரும் கண்டுகொள்ளாத எனக்கு வாரம் ஒரு சாயங்காலம் ராஜபோகம்.

கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவர் படம் பார்ப்பதே ஒரு படம். எல்லாருக்கும் முன்னால் சிரிப்பார், எல்லாருக்கும் முன்னால் அழுவார். "ஏய், அங்கிட்டுப் போகாத, கதவுக்குப் பின்னால நிக்கிறான்" என்று கதாநாயகனை எச்சரிப்பார்.

தொந்தரவு அம்மாவின் வேலையில் ஆரம்பித்தது. அம்மா கம்பெனியிலிருந்து பனியன் கட்டுகளை வாங்கிவந்து வீட்டிலேயே பிசிர் வெட்டிக் கொடுப்பாள். தைத்த பனியனில் அங்கங்கே தொங்கும் நூலை வெட்டியெடுக்கும் வேலை அது. சனிக்கிழமை வரும் கட்டு திங்கட்கிழமை காலையில் திரும்பிப் போக வேண்டும். ஞாயிறு சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, விளக்கும் இல்லாமல், அம்மா கட்டை எங்கே பிரிப்பாள்? வாராவாரம் கட்டு அரைகுறையாகத் திரும்பியது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "வர்ற சனத்தை வரவேண்டாம்னு சொல்ல என்னால ஆகாதுங்க. மூஞ்சில அடிச்சாப்புல இருக்கும். அதுக்கு டிவிய வித்துப்போடறது தேவலைங்க."

அப்பாவுக்கு அது நியாயமாகவே பட்டது. இன்றைக்கு யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அக்கம்பக்கத்தாரிடம் "இந்த வாரம் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட, இருக்கிற ஒரே டிவியை விற்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபம். அவிநாசிபாளையத்து டீக்கடைக்காரர் தன் கடைக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தார். ஞாயிற்றுக்கிழமை படம் ஓடும்போது வந்து பார்த்துவிட்டு, கையோடு எடுத்துப்போவதாகப் பேச்சு.

நான் அழுதேன். சாப்பிடாமல் படுத்துப் பார்த்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. பசித்ததும் எழுந்து சாப்பிட்டுவிட்டு யோசித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வீடாகப் போனேன். "நாளைக்குப் படத்துக்கு வர்றப்ப கட்டர் எடுத்துட்டு வரச் சொன்னாங்க அம்மா. பிசிர் வெட்டிக்கிட்டே பாக்கோணுமாம். இல்லாட்டி டிவிய வித்துருவாங்களாம்."

அம்மா அப்படிச் சொல்லவே இல்லை.

நூல் வெட்டும் கட்டர் இல்லாத வீடு அந்த லைனில் கிடையாது. எதிர் வீட்டு டெய்லர் அண்ணன்தான் கொஞ்சம் கிண்டல் செய்தார். "டிக்கெட்டாடா கண்ணு இது? இடைவேளைக்கு முறுக்கும் விப்பியா?"

"முறுக்கெல்லாம் இல்லீங்கண்ணா. கட்டர் மட்டும் போதும்" என்றேன்.

மறுநாள் எல்லாரும் வந்தார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டர். மூலையில் இருந்த கட்டை யாரோ இழுத்துப் பிரித்தார்கள். பனியன்கள் மடிக்கு மடி பிரிந்து போயின. சமையலறையிலிருந்து வந்த அம்மா திகைத்துப்போய் நின்றாள்.

"ஐயோ, நீங்க எதுக்குங்க இதெல்லாம்?"

"இருக்கட்டுங்கக்கா, சும்மாதான உக்காந்திருக்கோம்" என்றார் டெய்லர் அண்ணன், என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி. அம்மா ஒரு மரியாதைக்காக அப்படிக் கேட்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டார்.

நான் விளக்கைப் போட்டேன். அதுவரை அந்த அறையில் படம் ஓடும்போது விளக்கு எரிந்ததில்லை. வெளிச்சத்தில் படம் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரிந்தது. முதல் வரிசையில் இருந்த எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

டீக்கடைக்காரர் வந்தார். அவருக்கு நாற்காலி போட்டு வரக்காப்பி கொடுத்தார்கள். டிவியைக் கொஞ்ச நேரமும் அறையை அதிக நேரமும் பார்த்தார். வசனத்துக்கு நடுவே கட்டர்கள் கிடுகிடுவென்று ஓடிக்கொண்டிருந்தன. படம் முடிவதற்குள் வேலை முடிந்தது. அம்மா திரும்பக் கட்டி வாசற்படியோரம் வைத்த கட்டை அப்பா நம்பாமல் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"படம் நல்லாத்தானுங்க தெரியுது. வெளிய வண்டி நிக்குது, தூக்கிரலாங்களா?" என்று டீக்கடைக்காரர் எழுந்தார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. டிவி குடுக்கறதா இல்லீங்க" என்றாள் அம்மா.

அந்த மனிதர் கோபப்படவில்லை. கட்டைப் பார்த்தார், கட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "நானா இருந்தாலும் குடுக்க மாட்டனுங்க. டிவி வாங்க வந்தா, நீங்க உள்ள கம்பெனியே வெச்சு நடத்தறீங்க."

அறையே சிரித்தது. வெறும் வண்டி திரும்பிப்போகும் சத்தத்தைத் தெருமுனை வரை கேட்டேன். அன்றைக்கு நான் எதையும் கொடுக்கும் மனநிலையில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற பையனைக் கூப்பிட்டு அடுத்த வாரத்துக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எந்தக் கட்டும் அரைகுறையாகத் திரும்பவில்லை. சில மாதங்களில் அம்மா கூடுதலாகவே கட்டு வாங்க ஆரம்பித்தாள். "எத்தனை நல்ல சனம், கேக்காமயே கூடமாட செய்யறாங்க" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள். லைன்காரர்களோ, அம்மா கேட்டதைத்தான் செய்கிறோம், ஓசியில் யார் படம் காட்டுவார்கள் என்று இருந்தார்கள். இரண்டு பக்கமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒருநாளும் வாய் திறக்கவில்லை. வாரம் முழுக்கக் கம்பெனியில் நூலோடு கிடந்தவர்களை, அவர்களுக்கென்று இருந்த ஒரே சாயங்காலத்திலும் கூலியில்லாமல் நூல் வெட்ட வைத்தேன். என் படிப்புக்கு அந்தக் கட்டுகளும் உதவின. அம்மா இருந்தவரை அவளுக்கு இது தெரியாது.

திங்கட்கிழமை காலைகளில் குழாயடியில் ராமநாதபுரத்து அக்கா என்னை நிறுத்திக் கேட்பார்.

"தம்பி, நேத்து கடைசில அந்தப் பொண்ணு கதவத் தொறந்துச்சே, வெளிய யாரு நின்னா?"

"அவ அண்ணனுங்கக்கா."

"அழுதானா?"

"இல்லீங்க. ஒண்ணுமே பேசாம செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தான்."

"அப்படியா" என்று குடம் நிரம்பி வழிவதையும் கவனிக்காமல் நிற்பார். நான் அந்த அண்ணனைப் போலவே செருப்பைக் கழற்றி நடித்துக் காட்டுவேன். முந்தின நாள் சாயங்காலம் அவர் எனக்கு நேர் பின்னால், விளக்குக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தார். பிசிர் வெட்டும்போது கண்ணை எடுத்தால் கட்டர் துணியைக் கடித்துவிடும் என்பது எனக்கும் தெரியும். அவர் முன்போல் கதாநாயகனை எச்சரிப்பதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் பக்கத்திலேயே இருந்தவர் எதற்காக என்னிடம் கேட்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. நான் நன்றாகக் கதை சொல்கிறேன், அதனால்தான் கேட்கிறார் என்று நினைத்து, அடுத்த வாரம் இன்னும் உன்னிப்பாகப் படம் பார்த்தேன்.