கதவுக்குப் பின்னால் இருந்த வெள்ளை ஷூ

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இருக்கும். சாக்பீஸ் தேய்த்து வெளுப்பாக்கிய ஷூ. அருப்புக்கோட்டையில் மருமகளாக வாழ்ந்த நாட்களை நினைக்க ஆரம்பித்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். கல்யாணத்தன்று கட்டியிருந்த சேலையின் நிறம்கூட அதற்கு அப்புறம்தான் வரும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பக்கத்துத் தெருவிலிருந்து விசைத்தறிச் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். கேட்டுக் கேட்டுப் பழகி, கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்போம். அந்தச் சத்தத்துக்குள்ளேயே நடந்து முடிந்ததாலோ என்னவோ, அந்தக் காலைகள் எல்லாம் இப்போது பாதித் தூக்கத்தில் கண்டவை போலிருக்கின்றன.

ஷூ டீச்சருடையது. எம்.ரெட்டியபட்டிப் பக்கம், காட்டில் பாடுபட்டு வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பெண். டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவர், ஒருநாள் மாதச் சம்பளத்தை உதறிவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரக் கிளம்பினார். அப்படி ஒரு தொழிலுக்கு எங்கள் ஊரில் பெயரே கிடையாது. அவரே ஒன்று வைத்துக்கொண்டார்: உடம்புக்கு டியூஷன். இருந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "ஓடுற பிள்ளைகளுக்கு விசில் ஊதத்தேன் அங்க சம்பளம். உக்காந்தே போனவுகள எந்திரிக்க வைக்க ஆளில்லையே தாயி" என்றார். அவருடைய அண்ணனுக்கு மட்டும் மனசே இல்லை. இந்தத் தொழில் படுத்துப்போனால் ஊருக்கு வந்து காட்டில் பருத்தி எடு, வேறு பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். டீச்சர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது, சரியாகக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அவருக்கு முதலில் கிடைத்த வீடு எங்களுடையது. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு முழங்கால் வலி, சர்க்கரை, எல்லாவற்றுக்கும் மேலே பிடிவாதம். மாமனாரை மாமா என்பேன்; அவருக்கு நூல் கடை. தறிக்காரர்கள் வீட்டுக்கும் வந்து போவார்கள். அதனால் முதல் நாளே அத்தை உத்தரவு போட்டுவிட்டார். "அந்தப் பூட்ஸக் கதவுக்குப் பின்னாடி வையுங்க டீச்சர். வாரவுக பாத்தா, வீட்டுக்குள்ள போலீஸ்காரி வந்திருக்கான்னு நெனப்பாக."

ஆண்கள் கடைக்குப் போனதும் பின்கட்டில் டியூஷன் தொடங்கும். அத்தை கையை உயர்த்தினால் வளையல்கள் முழங்கை வரை சரிந்து இறங்கும். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னால், "அது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னே மறந்துபோச்சு" என்பார். சிரிப்புச் சத்தம் கேட்டே தெருவில் இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் டீச்சரைக் கூப்பிட்டார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். பிள்ளை பெற்ற பிறகு என் உடம்பு யாருடையதோ போல ஆகியிருந்தது. அதை எனக்கே திருப்பிக் கொடுத்தவர் டீச்சர்தான்.

பிறகு, முழங்காலுக்கு நடை வேண்டும் என்றார். வியாபாரிகள் வீட்டுப் பெண்கள் காரணமில்லாமல் தெருவில் நடப்பதில்லை. டீச்சர் ஒரு யோசனை சொன்னார். இடுப்பில் ஒரு குடத்தோடு போனால் உலகத்தில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவர் ஊரில் அது உண்மைதான். அத்தையும் எங்கள் தொட்டித் தண்ணீரையே அரைக்குடம் மொண்டுகொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து அதே தொட்டியில் ஊற்றினார். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது என்று நினைத்தோம். மத்தியானத்துக்குள் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. நூல் கடை முதலாளி நொடித்துவிட்டார், தண்ணீர் எடுத்து ஊற்றுகிற ஆளை நிறுத்திவிட்டார், வீட்டம்மாவே குடம் தூக்குகிறார் என்று ஒரே பேச்சு. சரக்கு அனுப்புகிறவர்கள் ஆள்விட்டு விசாரிக்க, மாமா முகம் கறுத்து வீட்டுக்கு வந்தார். "நாளையிலருந்து அந்தம்மா இங்க வரக்கூடாது."

மறுநாள் காலையில், வழக்கம்போல ஷூவைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு உள்ளே வந்த டீச்சரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். "இந்த வீடு போனா மத்த நாலும் ஒண்ணா போயிரும். பள்ளிக்கூடத்துல வேற ஆளு வந்தாச்சு" என்றார். டீச்சரைப் பருத்திக் காட்டில் குனிந்து நிற்கிறவராக என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது அத்தை உள்ளேயிருந்து வந்தார். அரக்குப் பட்டு, காசுமாலை, வைரத்தோடு, கழுத்து தெரியாத அளவுக்குச் சங்கிலிகள், இடுப்பில் அதே குடம். "நேத்து நாம பண்ணுன தப்பு என்ன தெரியுமா டீச்சர்? நூல் சேலையில போனோம்" என்றார். என்னையும் பட்டுக் கட்டச் சொன்னார். நாங்கள் தெருவில் இறங்கினோம். முதலில் எதிர்வீட்டு அக்கா எட்டிப்பார்த்தார். திரும்பி வரும்போது அவரும் பட்டுச் சேலையில் குடத்தோடு நின்றார். பிறகு மற்ற வீடுகள். இளவெயிலில், கரிசல் புழுதி மெல்ல எழும்ப, பட்டும் பித்தளையும் மின்ன, அடிக்கடி குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு நாங்கள் நடந்தோம். முன்னால் வெறுங்காலோடு டீச்சர், வாயைத் திறக்காமல் கையால் மட்டும் வேகம் காட்டினார். அது நிஜமாக நடந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சில நேரம் சந்தேகம் வரும். மழைக்கு வேண்டுதலாம் என்று ஊர் தானாகவே பேசிக்கொண்டது. மழை வரவில்லை. நாங்கள் நிறுத்தவும் இல்லை.

இப்போது மதுரையில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலேயே பயிற்சி சொல்லித்தர ஆள் வருகிறது. வாசலுக்கு வாசல் கலர் கலராக ஷூ கிடக்கிறது, என்னுடையதும்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனாலும் கயிறு கட்டக் குனியும்போதெல்லாம் அந்தப் பட்டுச் சேலைக் காலை நினைவுக்கு வந்துவிடுகிறது. நடந்து முடித்து வீட்டுக்குள் வந்த அத்தை, குடத்தை இறக்கி வைத்தார். கடைக்குக் கிளம்பி மாமா கூடத்தில் நின்றிருந்தார். அத்தை நேராகக் கதவுக்குப் பின்னால் போய், டீச்சர் பதறி, "ஐயோ, கையால தொடாதீகம்மா" என்று சொல்லச் சொல்ல, அந்த ஷூவைத் தன் இரண்டு கையாலும் எடுத்து வந்து, தெரு பார்க்க முதல் படியின் நடுவில் வைத்தார். மாமா அதை மிதித்துவிடாமல் ஓரமாக ஒதுங்கி இறங்கி, கடைக்குப் போனார்.