நீலக் கோட்டும் சப்பாத்தும்

போன கிழமை மாத்தளையில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பேண்ட்காரப் பையன்கள் நின்றார்கள். உடம்போடு ஒட்டிய மினுமினுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. "என்னடா உடுப்பு இது?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த பெரியவரின் கோட்டிலிருந்து பூச்சி உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. வாயை மூடிக்கொண்டேன். உடுப்பைப் பற்றிப் பேச எனக்கென்ன யோக்கியதை? ஒரு கோட்டு நிறத்துக்காக மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்ட கூட்டம் நாங்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை ஆண்ட காலம் அது. டவுனில் ஐந்து பேர் சேர்ந்து கல்யாண பேண்ட் ஒன்று வைத்திருந்தோம். ராமையா அண்ணன்தான் தலைவர், கொர்னெட் ஊதுவார். நான் கிளாரினெட். ஊதினேன் என்று நான் சொல்கிறேன். அண்ணனைக் கேட்டிருந்தால் கத்தவிட்டான் என்றிருப்பார். பெரிய டிரம் அடித்தவன் மருதை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து கடையில் மூட்டை தூக்கியவன். அவன் அம்மா மட்டும் இன்னும் அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தாள்.

ஆளுக்கொரு சட்டையோடு போய் வாசித்தால் யார் மதிப்பார்கள்? கோட்டு தைப்பதென்று முடிவாயிற்று. வெள்ளை என்றேன் நான். "வெள்ளக் கோட்டப் பாத்தா ஊசி குத்த வந்துட்டாங்கன்னு புள்ளைங்க ஓடிரும்டா" என்றார் அண்ணன். காக்கி போட்டால் பொலிஸ். கறுப்பு கல்யாணத்துக்கு ஆகாது. சிவப்பு, கண்டியிலிருந்து வரும் பேண்ட்காரர்களுடையது. அவர்களைப் பார்த்துக் காப்பியடித்தோம் என்ற பேச்சு நமக்கு எதற்கு? கடைசியில் தையல்காரர் காசிம் நானாவுக்கே அலுத்துவிட்டது. "நீலத்த எடுங்க மகன். அது இன்னும் ஒருத்தருக்கும் சொந்தமாகல்ல" என்று சொல்லிக்கொண்டே துணியில் கத்தரியை வைத்துவிட்டார்.

கோட்டுக்குப் பொருத்தமாகக் காலுக்குச் சப்பாத்தும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் மருதை. யாரோ போட்டுக் கழித்த சப்பாத்துகள்தான் கிடைத்தன. என் குதிகால் இரண்டும் உரிந்துபோயின. நினைத்தால் இப்போதும் எரிகிறது. மருதையோ மூட்டை தூக்கும்போதுகூடக் கழற்றமாட்டான்.

முதல் அழைப்பே அவன் பிறந்த தோட்டத்திலிருந்து வந்தது. கூலிகளை வேலை வாங்கும் பெரிய கங்காணி மகளுக்குக் கல்யாணம். தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சப்பாத்து துரைக்கும் உத்தியோகத்தருக்கும். நம் ஆட்களில் கோட்டுப் போட உரிமை பெரிய கங்காணி ஒருவருக்குத்தான். அவரே டவுனுக்கு வந்து சொன்னார்: "வேட்டி கட்டிக்கிட்டு வெறுங்காலா வாங்க. மருத, ஒன் ஆத்தா நம்ம லயத்துலதான் இருக்கா. நெனப்பு இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இவரைப் பகைத்தால் தோட்டத்துக் கல்யாணம் அத்தனையும் கைவிட்டுப் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். மருதைதான் வாயைத் திறந்தான்.

"அந்த ரோட்டுல எங்கப்பா குனிஞ்சே நடந்து செத்தாரு. நான் சப்பாத்தோடதான் போவேன். எங்காத்தா பாக்கணும். நீங்க வேணும்னா வேட்டி கட்டிக்கங்க."

"ஆத்தாள வெளிய தள்ளிட்டாங்கன்னா?" என்றார் அண்ணன்.

"என்கூட வச்சுக்கிறேன்."

அண்ணன் அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் சப்பாத்தத் தொடச்சு வைங்கடா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதி, குதிகாலை நினைத்து.

கல்யாணத்தன்று காலை மலை ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை. சப்பாத்துச் சத்தம் மட்டும்தான். வளைவில் விறகுச் சுமையோடு ஒரு கிழவி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்கவேயில்லை. விறுக்கென்று ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, சேற்றில் தலையைக் குனிந்து நின்றாள். துரை வந்தால் எல்லோரும் அப்படித்தான் ஒதுங்குவார்கள். நாங்கள் அவளைத் தாண்டப் போனோம். மருதை நின்றுவிட்டான்.

"ஆத்தா, நான்தான்."

"போங்க தொர" என்றாள் அவள், நிமிராமலே.

பாவி மனுஷி, யார் பார்க்க வேண்டும் என்று அவன் அந்தச் சப்பாத்தைப் போட்டானோ, அவளே அதைக் கண்டு சேற்றில் இறங்கி நிற்கிறாள். கழற்றிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் கழற்றவில்லை. டிரம்மை இறக்கி வைத்துவிட்டு, சப்பாத்தோடேயே கானுக்குள் இறங்கினான். சுமையை வாங்கி மேட்டில் போட்டான். அவள் முகத்தை நிமிர்த்தித் தன்னைக் காட்டினான். கையைப் பிடித்து ரோட்டில் ஏற்றினான்.

"ரோட்டு நடுவுல நட ஆத்தா. நாங்க பின்னால வர்றோம்."

அண்ணன் கொர்னெட்டை எடுத்தார். அவள் நடை எவ்வளவோ அவ்வளவுதான் எங்கள் தாளமும். கல்யாண வீட்டு வாசல் வரை அவள்தான் முன்னால் போனாள். கங்காணிக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள், முகூர்த்தம் நெருங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டார். அதற்குப்பிறகு வெகுகாலம் எந்தத் தோட்டமும் எங்களைக் கூப்பிடவில்லை. மருதை தன் அம்மாவை டவுனுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

இப்போது மற்ற நால்வரும் இல்லை, பேண்டும் இல்லை. லயத்தையும் இடித்துவிட்டார்கள். அந்த ரோட்டில் பஸ் போகிறது. நானும் சில நாள் அதில் போவேன். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு, கதைத்துச் சிரித்துக்கொண்டு வருவார்கள். ஹோர்ன் அடித்தாலும் ஒருவரும் ஒதுங்கமாட்டார்கள். டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார்.

"ஹோர்ன் அடிக்காதீங்க தம்பி" என்பேன் நான். "மெதுவா போங்க. அவங்க நடக்கட்டும்."