ஈரம் காயாத கோடு

புள்ளியியல் என்ற பெயரைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எழுந்து ஓடத் தோன்றும். தஞ்சாவூர் கல்லூரியில் அந்த ஒரு பாடத்தில் இரண்டு தடவை கோட்டைவிட்டேன். மூன்றாம் தடவை வகுப்பில் உட்காருகிறவர்கள் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். சனியன், அதை அறுவடைச் சமயத்திலா கேட்க வேண்டும்? திருக்காட்டுப்பள்ளிக்கு பஸ் ஏறி வந்து அப்பாவிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். அப்படி அவர் சொன்னாலே எனக்குப் பயம்.

நாங்கள் மிராசுதாரின் நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்குச் செய்தோம். அடித்த நெல்லைக் களத்தில் குவித்ததும் அவருடைய காரியஸ்தர் வந்து, குவியலைச் சுற்றி நெல்லின் மேலேயே சாணிப்பாலால் கோடு போட்டுவிட்டுப் போவார். பங்கு பிரிக்கும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் கோடு கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். உழுகிறவன் பெயரைப் பதியச் சொல்லி அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. ஏறிவிட்டால் யாரும் அசைக்க முடியாது. அப்பாவின் பெயர் இன்னும் ஏறவில்லை. அதற்குள் ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், மிராசுதார் எங்களை வெளியேற்றிவிடுவார். எங்கள் ஊரிலேயே அப்படி நிலத்தை விட்டுப் போனவர்கள் இருந்தார்கள்.

மறுநாள் காலை அப்பா என் கையில் பணத்தைக் கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. களத்துக்கு ஓடினேன். கோடு முழுசாகத்தான் இருந்தது. ஆனால் கிழக்குப் பக்கம் கொஞ்ச தூரம் மட்டும் பச்சையாக, ஈரமாக இருந்தது. மற்றதெல்லாம் காய்ந்து வெளுத்திருந்தது.

காரியஸ்தர் வாய்க்கால் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. தை மாத வெயிலுக்குச் சுரத்தே இல்லை. காய்ந்து தொலையேன், காய்ந்து தொலையேன் என்று அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவும் பின்னாலேயே வந்துவிட்டார்.

காரியஸ்தர் குனிந்து கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பொண்ணுக்கு காலேஜுல கட்டணுங்க. ரெண்டு மூட்டை எடுத்தேன்."

"போன வருஷம்தானே கட்டுன?"

"அது வேறங்க. இது பெயிலானவங்களுக்குத் தனியா."

காரியஸ்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிக்கிற லட்சணம் நல்லாத்தான் இருக்கு."

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அவர் அப்பாவிடம் திரும்பினார். "உன் பங்குல நாலு மூட்டையா கழிச்சுக்கறேன். இந்த ஒரு தடவை அய்யாகிட்ட சொல்லல. இன்னொரு தடவை கோடு கலைஞ்சா பாத்ததைச் சொல்லிருவேன். அப்புறம் உனக்கு நிலம் இல்ல."

"இனிமே கலையாதுங்க" என்றார் அப்பா. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

எனக்கு அப்பாவைத் தெரியும். நான் மறுபடி பெயிலானால் அவர் மறுபடி நெல்லில் கை வைப்பார்.

பரீட்சையன்று பேனாவில் மை ஊற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கேள்வித்தாளைத் திருப்பினேன். முதல் கேள்வி தெரியவில்லை. இரண்டாவதும் தெரியவில்லை.