காற்றுக் குழாய் தண்ணீர் குடித்த நாள்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். சமையலறைச் சுவர் மணிக்கூடு ஒரு பக்கம் சரிந்ததால்தான் நேரத்தைப் பார்த்தேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு ஜன்னல்கள் எல்லாம் ஒருமிக்க அதிர்ந்து நின்றன. காலையிலிருந்து மழை. இடியாக இருக்கக்கூடாதா என்று மனம் கெஞ்சியது. ஆனால் கொழும்பில் அத்தனை வருடம் இருந்தவர்களுக்கு இடி எது, குண்டு எது என்று காது பழகிவிட்டது.

மகள் நகரின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில் இருந்தாள். பதினேழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பஸ் எடுத்து இரசாயன வகுப்புக்குப் போவாள். அவளுடைய அடையாள அட்டை எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

அந்த நாட்களில் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் பொலிசில் பதிய வேண்டும். பதிவைப் புதுப்பிக்க என் கணவர் காலையில் மூன்று பேருடைய அட்டைகளையும் கொண்டு போனார். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் அவர் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தோம். வரிசை நீண்டு, அவர் வர மத்தியானம் ஆகிவிட்டது. மகளின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அது கையில் இருந்தால் பத்துக் கேள்வி கேட்பார்கள். இல்லாவிட்டால் கேள்வியே இல்லை, வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றிய பிள்ளைகளைத் தேடிப் பொலிஸ் நிலையம் பொலிஸ் நிலையமாக அலைந்த தாய்மாரை எங்கள் ஒழுங்கை வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன்.

வகுப்பு நடக்கும் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். லைன் கிடைக்கவில்லை. கணவர் வான் சாவியோடு வாசலில் நின்றார். "வாரும், வாரும். ரோட்டை மூட முந்திப் போகவேணும்."

அட்டைகளை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அந்த வானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய டீசல் வான். எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கும். ஓட்டுகிறவருக்குக் கால் வேகும். எஞ்சின் அந்தச் சூட்டுக் காற்றையே இழுக்கிறது, வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொடுத்தால் இழுவை கூடும், டீசல் மிச்சம் வரும் என்று அவர் வேலை செய்யும் கந்தோரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் காப்புறுதிக் கணக்குப் பார்க்கிறவர். ஆனாலும் ஒரு சனிக்கிழமை வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய்க் கம்பிச் சுருள் வைத்த கறுப்புக் குழாய் ஒன்று வாங்கி வந்தார். வான் தயாரித்தவர்கள் ஆசனத்துக்குப் பக்கத்தில் உயரமாக வைத்திருந்த காற்று வாயை அடைத்துவிட்டு, புதுக் குழாயைக் காற்றை வடிகட்டும் எயார் கிளீனரில் பூட்டிக் கீழே இறக்கி, முன் பம்பருக்குப் பின்னால் வாய் தெரிய இறுக்கிவிட்டார்.

அதன் பிறகு வான் உறுமத் தொடங்கியது. "சத்தத்தைக் கேளும், எப்படி இழுக்குது எண்டு" என்பார். சத்தம் கூடியது உண்மை. இழுவை கூடியதா என்று எனக்குத் தெரியவில்லை. தெகிவளைப் பாலம் ஏறும்போது முன்பு போலவேதான் திணறியது. டீசல் மிச்சமாகிறதா என்று பார்க்க ஒருநாள் வத்தளையில் என் தம்பி வீடு வரை ஓட்டிக் காட்டினார். அன்று முழுவதும் முட்டைக் கூடையை மடியில் வைத்திருப்பவர் மாதிரி ஓட்டினார்.

"இப்பிடி ஓடினால் குழாய் இல்லாமலே மிச்சம் வரும்" என்றேன்.

"உமக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?"

"ஊத்தை பிடிச்ச பில்டரையும் அண்டைக்குத்தானே மாத்தினனீங்கள்? அதாலயா இதாலயா எண்டு உங்களுக்கு மட்டும் என்ன தெரியும்?"

அவர் எழும்பி வானைக் கழுவப் போய்விட்டார். குழாயைக் கழற்றவில்லை.

காலி வீதியில் கொள்ளுப்பிட்டிக்கு மேல் விடவில்லை. பொலிஸ்காரர் பொரளைப் பக்கம் திருப்பினார்கள். மழை நிற்கவே இல்லை. மருதானையில் வாகனங்கள் அசையாமல் நின்றன. கோட்டைப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. வானொலியில் பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. இப்படிச் செய்தி இல்லாமல் பாட்டு மட்டும் போனால், நடந்தது பெரிது என்று அர்த்தம். நான் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் வகுப்பை விட்டு வெளியே வரக்கூடாது, வரக்கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆமர் வீதியில் வெள்ளம். ஒரு மழைக்கே நிரம்புகிற இடம் அது. சந்திக்கு முன்னால் பீப்பாய்களை இரண்டு பக்கமும் அடுக்கி, ஒரு வாகனம் மட்டும் போகிற அளவுக்கு வழிவிட்டு, இராணுவம் சோதனை வைத்திருந்தது. தண்ணீர் வாகனச் சில்லின் பாதி உயரத்துக்கு நின்றது. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் போனது, ஒரு லொறி போனது, எங்களுடையதைவிடச் சின்ன வான் ஒன்றும் போனது.

"பயப்பிடாதையும், இது போகும்" என்றார்.

பீப்பாய்களுக்கு நடுவில், என் காலடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். உறுமல் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சாவியைத் திருகினார். எஞ்சின் ஒருமுறை முனகியது. மறுபடி திருகினார், அதுவும் இல்லை.

"என்ன?"

"தண்ணியை இழுத்திட்டுது."

"எதால?"

அவர் சாவியை விட்டுவிட்டு முன் கண்ணாடிக்குக் கீழே எட்டிப் பார்த்தார். பம்பருக்குப் பின்னால், தண்ணீருக்குள் வாயைத் திறந்துகொண்டு அந்தக் குழாய் இருந்தது.

"குளிர் காற்றுக் குடுக்கப் போறன் எண்டியள்! பிள்ளை அங்க நிக்குது, நீங்கள் இஞ்ச எஞ்சினுக்குத் தண்ணி பருக்குறியள்!"

"கத்தாதையும். ஆமிக்காரன் வாறான்."

இளம் சிப்பாய். இறங்கச் சொன்னான். நாங்கள் முழங்காலளவு தண்ணீரில் நின்றோம். என் கணவர் தன் சிங்களத்தில் எஞ்சின் நின்றுவிட்டது என்று விளக்கி, முன் ஆசனத்தைத் தூக்கிக் காட்டினார். அவன் குனிந்தான். எஞ்சினிலிருந்து புறப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, கிளிப் போட்டு இறுக்கி, கீழே இருட்டுக்குள் போகிற குழாயைக் கண்டான். இரண்டு அடி பின்னால் போனான்.

"மே மொகத?" இது என்ன?

காற்றுக் குழாய் என்றார் கணவர். டீசல் மிச்சப்படுத்த என்றார். கோட்டையில் புகை அடங்காத நேரத்தில் அந்தச் சொற்கள் எனக்கே நம்பும்படியாக இருக்கவில்லை. யாரும் வானில் கை வைக்கக்கூடாது, தள்ளவும் கூடாது, மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை அப்படியே நிற்க வேண்டும் என்றான். எங்களை மதிலோரம் நிறுத்தி அட்டைகளைக் கேட்டான். யோசிக்காமல் மூன்றையும் கொடுத்துவிட்டேன்.

இரண்டு பேர், மூன்று அட்டை. மகளின் படத்தைப் பார்த்தான்.

இந்தப் பெண் எங்கே?

வகுப்பில் என்றேன். அட்டை இல்லாமலா? ஏன் இவளுடைய அட்டை உங்களிடம்? நான் பொலிஸ் பதிவைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல, குண்டு வெடித்த அன்று அட்டையை வீட்டில் விட்டுவிட்டு எங்கோ போன ஒரு பெண்ணின் கதையாக அது மாறிக்கொண்டிருந்தது. அவன் மூன்றையும் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினான்.

கொட்டாஞ்சேனை நடக்கிற தூரம்தான். "நான் மட்டும் போயிட்டு வாறன், அவர் நிற்கட்டும்" என்று கெஞ்சினேன். தலையாட்டினான், இல்லை என்று. கும்பிட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த மதிலோரத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. கணவரின் கை என் கையைத் தேடி வந்தது. நான் உதறினேன். பிறகு நானே பிடித்துக்கொண்டேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பொலிஸ் லொறி வந்தது. எங்கள் வான் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் அது பீப்பாய்களுக்கு அந்தப் பக்கம் நின்று ஹோர்ன் அடித்தது. சாரதி, நடுவயதுக்காரர், ஏசிக்கொண்டே இறங்கினார். சிப்பாய் குழாயைக் காட்டி மறித்தான். அவர் அதைக் கேட்காமல் குனிந்து பார்த்தார், குழாயை ஆட்டிப் பார்த்தார், சிரித்தார். காற்று இழுக்கிற குழாய், வேறொன்றும் இல்லை, தள்ளுங்கள் என்று சத்தம் போட்டார். பிறகு என் கணவரிடம், உண்மையாகவே அறிய விரும்புகிறவர் போலக் கேட்டார்:

"தெல் அடுத?" டீசல் செலவு குறைகிறதா?

என் கணவர் குழாயைப் பார்த்தார். "நே மாத்தயா" என்றார். இல்லை ஐயா.

அப்போதுதான் லொறியின் பின்பக்கம் என் கண் போனது. தார்ப்பாய்க்குக் கீழே ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் வெள்ளைச் சீருடை. மகளின் பள்ளிக்கூடக் கழுத்துப் பட்டி. அவளேதான்.

நான் கத்தியது எனக்கு நினைவில்லை. கணவர்தான் பிறகு சொன்னார். தண்ணீருக்குள் ஓடி, சிப்பாயின் சட்டைப் பையைக் காட்டி, "அட்டை, அட்டை" என்று தமிழிலேயே கத்தினேனாம். லொறியில் வந்த பொலிஸ் அதிகாரி இறங்கினார். அட்டையை வாங்கினார், பிள்ளையின் முகத்தில் டோர்ச் அடித்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். பொலிஸ் பதிவு எந்த நிலையத்தில் என்று கேட்டார். கணவர் சொன்னார். அவளை விடச் சொல்லி அதிகாரி கையை அசைத்தார்.

அவள் பின்பக்கத்தால் இறங்கினாள். சப்பாத்து ஒன்றைக் காணவில்லை. அழவில்லை. நான் கட்டிப்பிடித்தபோது அவள் உடம்பு என் பக்கம் சாயவில்லை. லொறியின் பக்கமே திரும்பியிருந்தது. அங்கே அவளோடு படிக்கும் இன்னொரு சீருடைப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் மகள், "அவளின்ட ஆக்கள் எல்லாரும் ஊரில. அவளைத் தேடி வர இஞ்ச ஒருத்தரும் இல்லை."