பேத்தியைத் தூக்க மூன்று பேர்

எலும்பு வார்டில் அவருக்கு ‘மெதுவா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுகிற சொல் அதுதான் என்பதால் நோயாளிகள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளாவட்டத்தில் அது பெரிய டாக்டர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. “யாருப்பா அங்க, மெதுவாவ சீக்கிரம் வரச் சொல்லு” என்று அவரே கத்துவார்.

மெதுவா ஒரு நர்ஸ். கல்யாணம் பேச வந்த நாளில், “ஆஸ்பத்திரியில என்ன வேலை தம்பி?” என்று மாமியார் கேட்டபோது, “கை கால் உடைஞ்சவங்களப் புரட்டி எடுக்குற வேலைங்க” என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அடியாளோ என்று அந்த அம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையில் அவர் கை பட்டால் பஞ்சு பட்ட மாதிரி இருக்கும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், முதுகுத்தண்டில் திருகாணி போட்டவர்கள், தொடையில் கம்பி ஏற்றி எடை தொங்கவிட்டவர்கள் என்று வார்டு முழுக்க அசைய முடியாத ஆட்கள். அவர்களை ஒருக்களித்துப் படுக்கவைப்பார், குதிகாலில் புண் வருகிறதா என்று பார்ப்பார், கால் விரலைத் தொட்டு, “சூடு தெரியுதா? ஆட்டுங்க பாப்போம்” என்பார். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மத்தியானம் கண்ணயர்ந்த மனைவியின் கால் விரலை ஒருநாள் பிடித்து ஆட்டச் சொன்னார். அவள் காலையே ஆட்டினாள். அவர் மூக்கில் பட்டது.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு நாள் அடி சறுக்கியது. மகள் நிறைமாதமாக வீட்டுக்கு வந்திருந்த சமயம். டிவி ரிமோட் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கணும், இடுப்பை வளைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், ‘ரிமோட்தானே’ என்று சட்டென்று குனிந்தார். இடுப்பில் ‘டக்’ என்றது. அப்படியே தரையில் சாய்ந்தார்.

“தொடாத! யாரும் தொடாத! முழங்காலுக்கு அடியில தலகாணி வை” என்று கிடந்தபடியே உத்தரவு போட்டார்.

மனைவி தலகாணியை வைத்தாள். “எப்படியும் கீழதான கெடக்குறீங்க. அந்த ரிமோட்ட எட்டி எடுத்துக் குடுங்க” என்றாள்.

சொந்த வார்டுக்கே தள்ளுவண்டியில் போனார். “என்னத்தத் தூக்குனீங்க?” என்றார் பெரிய டாக்டர்.

“ரிமோட், சார்.”

“பேட்டரி போட்டதா, போடாததா?”

வார்டே சிரித்தது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று மெதுவாவிடம் திட்டு வாங்கியவர்கள் ரொம்பவே சிரித்தார்கள்.

முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். படுக்கலாம், கொஞ்சம் நடக்கலாம், அதிகம் உட்காரக் கூடாது. பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண் கறாராகச் சொன்னாள்: “அண்ணே, தண்ணி ஜக்குக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. ரெண்டு கிலோ. நான் சொல்லச் சொல்லத்தான் ஏத்தணும்.”

“எனக்கேவா சொல்ற தங்கச்சி?”

“உங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன்.”

அடுத்த வாரம் பேத்தி பிறந்தாள். அதுவரை உலகத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் வெறும் ஒத்திகை என்று அவளைப் பார்த்த பிறகுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. கொட்டாவி விட்டால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். தும்மினால் கைதட்டினார்கள். ஆனால் பிறக்கும்போதே அவள் மூன்று கிலோ. தாத்தாவுக்கு அனுமதி இரண்டு.

அவருக்கு ஒரே ஆசைதான். நின்றுகொண்டு, பேத்தியைத் தன் கையில் தூக்கணும். ஊரான் வீட்டு உடம்பையெல்லாம் தூக்கிய கைக்குச் சொந்தப் பேத்தி எட்டவில்லை.

“படுத்துக்கிட்டு நெஞ்சு மேல போட்டுக்கங்களேன்” என்று மனைவி கொண்டுவந்து போட்டாள். பேத்தி சுகமாகத் தூங்கினாள். அவருக்குத் திருப்தி இல்லை. “இது அவ என் மேல ஏறுனது. நான் தூக்குனதாகுமா? மெத்தைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

“அப்ப சும்மா தூக்குங்க. யாரு பாக்கப் போறா?”

“இடுப்பு மாத்தின ஒருத்தர் குனிஞ்சு செருப்பு மாட்டுனதுக்கு நான் போட்ட சத்தத்துல மனுஷன் அழுதே போயிட்டாரு. இப்ப நான் தூக்குனேன்னு தெரிஞ்சா வார்டுல ஒருத்தன் கட்டில்ல இருப்பானா?”

வெளியே சொன்னது இது. உள்ளே இருந்த பயம் வேறு. ஒருநாள் நடக்கும்போது இடது கால் திடீரென்று மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் கையில் பேத்தி இருந்திருந்தால்? அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு தொடங்கியது பந்தயம். பிசியோ பெண் வந்து அரைக் கிலோ ஏற்றுவாள். அதற்குள் பேத்தியும் அரைக் கிலோ ஏறியிருப்பாள். மாப்பிள்ளைக்குப் பார்சல் கம்பெனியில் வேலை. அங்கிருந்து ஒரு தராசை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.

“மூணே முக்கால், மாமா.”

“துணியோடவா?”

“துணி இல்லாம.”

“எண்ணெய் தடவியிருக்கீங்களா? அதக் கழிங்க மாப்பிள்ளை.”

கழித்தும் மூன்றே முக்கால்தான். கடைசியில் மகளிடமே போய்க் குழைந்தார். “அம்மாடி, சாயங்காலப் பால் அவளுக்கு அவசியமா?”

“அப்பா! பொறந்து இன்னும் கண்ணு சரியாத் தெரியல, அதுக்குள்ள டயட்டா?”

நாலு கிலோவை எட்டிய நாளில் மெதுவா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஆகாரம் வேண்டாம், பேச்சு வேண்டாம். கூடத்தில் மனைவியும் மாப்பிள்ளையும் சோஃபாவை இழுத்துப்போடுகிற சத்தம் கேட்டது. “நீங்க அந்தப் பக்கம் பிடிங்க அத்தை, ஒத்த ஆளால ஆகாது” என்றார் மாப்பிள்ளை.

மெதுவா டக்கென்று எழப் பார்த்து, நினைவு வந்து, ஒருக்களித்து, கையை ஊன்றி, முறைப்படி எழுந்தார். நேராகக் கூடத்துக்கு வந்தார்.

“வார்டுல நூத்திருபது கிலோ ஆள நான் ஒருத்தனாவா தூக்குறேன்? நாலு பேரு பிடிப்போம். ஆளுக்கு முப்பது. பேத்தி நாலு கிலோ. மூணு பேரு பிடிச்சா?”

“ஆளுக்கு ஒண்ணேகால் சொச்சம் மாமா.”

“ஜக்கவிடக் கம்மி!” என்று மெதுவா கத்தினார்.

மகள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து ஏற்பாடு நடந்தது. தூங்குகிற குழந்தைக்கு அடியில் ஒரு துண்டை மெல்ல நுழைத்தார்கள். தலைப்பக்கம் நிற்பவர்தான் தலைவர், அங்கே மெதுவா. நடுவில் மனைவி. கால் பக்கம் மாப்பிள்ளை.

“கழுத்தும் முதுகும் ஒரே கட்டையா வரணும். திருகக் கூடாது. நான் சொன்னாத்தான் தூக்கணும்.”

“எத்தன சட்டம்! பீரோவா தூக்குறோம்?” என்றாள் மனைவி.

“பேஷண்ட்கிட்ட சொல்லாமத் தூக்கக் கூடாது” என்று மெதுவா குழந்தை பக்கம் முகத்தைத் திருப்பினார். “கண்ணு, உன்ன இப்பத் தூக்கப் போறோம். பயப்படாத. வலிச்சாச் சொல்லு.”

பேத்தி கொட்டாவி விட்டாள்.

“சம்மதம் சொல்லிட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு!”

மூன்று பெரிய மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு கிலோவைத் தூக்கினார்கள். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி பதறிவிட்டாள். “ஐயோ, குழந்தைக்கு என்னாச்சு?”

“குழந்தைக்கு ஒண்ணும் இல்லக்கா. தூக்குறவருக்குத்தான்” என்றாள் மனைவி.

சோஃபா முனையில் மூன்று பேர் திரும்ப இடம் போதவில்லை. துண்டு சுருண்டு, குழந்தை சரிந்து மெதுவாவின் முழங்கை மடிப்பில் வந்து பொருந்திக்கொண்டது. சின்ன மூக்கு, அதன் மேல் வியர்வை மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. அப்போது வாசல் மணி அடித்தது.

“நான் போய்த் தெறக்கட்டுமா மாமா?”

“போங்க. ரெண்டு பேரு பிடிச்சா ஆளுக்கு ரெண்டு கிலோ. கணக்குக்குள்ளதான்.”

பிசியோ பெண் உள்ளே வந்து அப்படியே நின்றாள். “அண்ணே! என்ன இது?”

“சத்தம் போடாத தங்கச்சி. முறைப்படிதான். ஆள் வெச்சுத்தான் பிடிச்சிருக்கோம்.”

“எந்த ஆள்?”

மெதுவா நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை வாசலில். மனைவி ஜன்னலோரம் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“நீ எப்பம்மா விட்ட?”

“சோஃபாகிட்டயே விட்டாச்சு. நீங்கதான் நல்லாப் பிடிச்சிருந்தீங்களே.”

இடது காலை நினைத்தார். கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தார், ஆடியது. பிசியோ பெண் அவரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். முதுகு நேராக இருந்தது. முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. பாரம் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

“கால் மரத்திருக்கா?”

“இல்ல.”

“முதுகு வலிக்குதா?”

“முதுகா?” என்றார், அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனவர் மாதிரி.

அவள் பெருமூச்சு விட்டாள். “நிக்கிற வரைக்கும் பரவால்ல. குனிஞ்சு கீழ வைக்கிறதுதான் ஆபத்து. யாராவது வந்து வாங்குற வரைக்கும் வைக்காதீங்க.”

மனைவி ஓடிவந்து கையை நீட்டினாள். மெதுவா ஒரு அடி பின்னால் போனார். “நடுவழியில பேஷண்ட விட்டுட்டுப் பேசப் போன ஆளு நீ. உன்ன நம்பி எப்படிக் குடுக்குறது?”

மாப்பிள்ளை வந்தார். “கதவத் தொட்ட கை. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க.”

பிசியோ பெண்ணே கையை நீட்டினாள். “நீ இப்பத்தான் வெயில்ல வந்திருக்க தங்கச்சி. உட்காரு.”

தலை துவட்டியபடி மகள் வந்தாள். “அப்பா! குடுங்கப்பா, பசிக்கும் அவளுக்கு.”

“முடில தண்ணி சொட்டுது பாரு. மொதல்ல காய வை” என்றார் மெதுவா. அந்த வீட்டில் குழந்தையை வாங்குவதற்குத் தகுதியான ஒரு ஆள்கூட அன்றைக்கு அவர் கண்ணில் படவில்லை.