சவரிராஜின் இருவாட்சி

சவரிராஜ் படத்தை மோந்து பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுவாராம். கீழ்த்தளத்தில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ரமீஸிடம் யாரோ சொல்ல, ரமீஸ் அதைத் தேக்கா வட்டாரம் முழுக்கப் பரப்பிவிட்டார். உண்மையில் சவரிராஜ் மோந்து பார்ப்பது பூஞ்சை வாடைக்காக. சிங்கப்பூர் ஈரம் நூற்றைம்பது வருடத் தாளைப் பத்தே மாதத்தில் புள்ளிமானாக்கிவிடும்.

டன்லப் ஸ்திரீட் மாடியில் ஒற்றை அறைக் கடை. அந்தக் காலத்து விலங்கியல் நூல்களுக்காக அச்சடித்து, ஒவ்வொரு தாளிலும் கையால் வண்ணம் தீட்டிய படங்கள். எறும்புத்தின்னியும் மீன்கொத்தியும் இழுப்பறைகளில் படுத்துக் கிடக்கின்றன. "கையக் காட்டுங்க" என்பார், பள்ளியில் நகம் பார்ப்பதுபோல. வேர்வை துடைக்காத கைக்கு எந்த இழுப்பறையும் திறக்காது. பேரம் பேசினால் கோபம் வராது. "வால்ல ஒரு இறகக் கொறச்சுத் தரவா?" அதோடு சரி. கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ். கோப்பிக் கடைச் சாப்பாட்டில் வரும் மீனைக்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார் என்பது மனைவி வெரோனிகாவின் புகார்.

போன சனிக்கிழமை பிடோக்கிலிருந்து நிவேதிதா என்ற ஆசிரியை வந்தார். ஓய்வுபெறும் தலைமையாசிரியருக்கு ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுக்கும் பரிசு. சவரிராஜ் ஓர் இருவாட்சிப் பறவையின் படத்தை எடுத்து வைத்து, லென்சைக் கழற்றி நீட்டினார். அதன் கருவிழியில் மட்டும் பிசின் பூசிய மினுமினுப்பு.

"இது அந்தக் காலத்துக் கை, மிஸ். இப்ப எவனுக்கும் வராது லா."

நிவேதிதா சான்றிதழோடு அதை வாங்கிக்கொண்டு போனார். இன்று காலை அடி இழுப்பறையில் ஒரு பழைய உறை அகப்பட்டது. அந்த வேலையின் நுணுக்கம் தெரியவேண்டுமென்று, பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வண்ணம் ஏறாத ஆறு பழைய தாள்களை வாங்கி, அவரே தீட்டிப் பழகியிருந்தார். உறைமேல் பென்சிலில் ஆறு பெயர்கள். உள்ளே ஐந்து தாள்கள். இருவாட்சியைக் காணோம்.

அட்டை வெட்டிக்கொண்டிருந்த வெரோனிகா நிமிர்ந்தார்.

"நீங்க தீட்டுனத நீங்களே கண்டுபிடிக்கலயா?"

"ஈரம் தட்டுதுன்னு எல்லாத்தையும் மாத்தி வச்சோம்ல, அப்பக் கலந்திருக்கும்."

"எப்படிக் கலந்துச்சுன்னு நான் கேக்கல."

சவரிராஜ் உறையை மூடினார், மறுபடி திறந்தார்.

"சாயந்தரம் அந்த மிஸ்ஸோட ஸ்கூல் விழா," என்றார் வெரோனிகா. "கொடுத்துட்டுப் போகட்டும் விடுங்க. உங்க கண்ணுக்கே தெரியல, அவங்களுக்கா தெரியப்போகுது?"

"அந்தப் பெரியவர் ஆசையா இன்னொரு கடையில காட்டுவாரு, வெரோ. பொய்ப் படம்னு சொல்லுவாங்க. அந்தப் புள்ளதான் தலை குனிஞ்சு நிக்கும். நேர்ல போயி வேற படம் கொடுக்கலாம்னா, எந்த ஸ்கூலுன்னு கேட்டு வைக்கல."

நிவேதிதாவை நான்கு முறை அழைத்துவிட்டார். வகுப்பில் இருப்பார் போலும். ஐந்தாம் முறை, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். அது அடித்துக்கொண்டிருக்க, படத்தோடு கொடுத்த சான்றிதழின் நகலைக் கோப்பிலிருந்து உருவினார். 'வண்ணம்: அச்சான காலத்தது' என்ற வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். கீழே எழுதப் பேனாவை வைத்தவர், சற்று நின்று, முதுகை நேராக்கிக்கொண்டு, தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'வண்ணம்: சவரிராஜ்'.

எதிர்முனையில் இன்னும் யாரும் எடுக்கவில்லை. எழுதிய மை காயட்டுமென்று, குனிந்து, மெல்ல ஊதினார்.